கௌரவ செயலாளரின் ஆட்சேபம்

தேங்காய் திருவுவது அனுஜனுடைய வேலை. விடியற்காலைப் பயிற்சி முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு திருவலையில் குந்துவான். போன பருவத்தில் பத்தொன்பது கோல் அடித்த கால்கள் கட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மடங்கிக் கிடக்கும். சிரட்டைவரை சுரண்டமாட்டான். சம்பலில் கறுப்புத் துகள் கிடந்தால் தட்டை யோசெப்பின் தள்ளிவிடுவாள் என்பது வந்த முதல் வாரமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“காணுமா அன்ரி?”

“ரெண்டு பேருக்கு இது காணாதா? கலியாண வீடா இது?”

“நான் ரெண்டு பேருக்குச் சாப்பிடுவன். அப்ப மூண்டு பேர்.”

மன்னாரில் பேசாலை அவன் ஊர். வயது இருபத்திமூன்று. கொட்டாஞ்சேனை ஹாபர் லைட்ஸ் உதைபந்தாட்டக் கழகத்துக்கு விளையாட வந்தவனுக்குக் கழகத்தால் கொடுக்க முடிந்தது பஸ் காசும், செயலாளர் வீட்டு முன்னறையும்தான். இரண்டு வருடமாக அந்த அறையில் இருந்தான்.

செயலாளர் யோசெப்பின்தான். அறுபத்திரண்டு வயது. புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். கணவர் பிறெடி துறைமுகத்தில் வேலை செய்தார். முதலில் கழகத்தின் கோல் காப்பாளர், பிறகு செயலாளர். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று, கழகத் தலைவர் கிளறன்ஸ் ரப்பர் முத்திரையையும் இரண்டு கோப்புகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ஆள் கிடைக்கும்வரைக்கும் அக்கா” என்றார். ஒன்பது வருடம் ஆகிறது, ஆள் கிடைக்கவில்லை. ஓஃப்சைட் என்றால் என்ன என்று இன்றைக்கும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் லீக்கின் விதிப்புத்தகம் மனப்பாடம்.

ஒரே மகள் நதீஷா இத்தாலியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். முன்பெல்லாம், கதவைப் பூட்டினீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேள்வியாகக் கேட்பாள். அனுஜன் வந்தபிறகு அழைப்பு சுருங்கிவிட்டது. “பெடியன் இருக்கிறான் தானே அம்மா, எனக்கு யோசனையில்லை” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அந்த வருடம் லீக்கில் ஒரு புதிய விதி வந்தது. ஒரு பருவத்தில் எந்தக் கழகமும் ஆட்டக்காரருக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஓர் உச்ச அளவு. காசுள்ளவன் நல்ல கால்களையெல்லாம் வாங்கிக் குவித்தால் மற்றவர்கள் யாரோடு விளையாடுவது என்பது சிறிய கழகங்களின் கேள்வி. அந்தக் கேள்வியை விதியாக எழுதித் தட்டச்சு செய்து, ஆறு கழகங்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவள் யோசெப்பின். விதி ஒரு சொல்லும் மாறாமல் நிறைவேறியபோது கிளறன்ஸ் ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

விதி வந்து இரண்டு மாதத்தில் றமேஷின் கார் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் சந்தியிலேயே நின்றது. றமேஷ் வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகள் கட்டி விற்பவர். ஓஷன் றோயல்ஸ் கழகத்தை வாங்கியிருந்தார். நடந்தே வந்து, செருப்பை வாசலில் கழற்றி, பிறெடியின் படத்துக்குக் கீழே அமர்ந்து பிளேன்ரீ குடித்தார். மரியாதையான மனிதர். அனுஜனை எடுக்கப் போவதாகவும், செயலாளரிடம் சொல்லாமல் செய்வது சரியில்லை என்றும் சொன்னார். அனுஜனுக்கும் ஹாபர் லைட்ஸுக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பருவம் முடிந்தால் அவன் எங்கேயும் போகலாம். இதைத் தன்னிடம் வந்து சொல்லத்தான் வேண்டுமா என்று யோசெப்பினுக்குத் தோன்றியது.

மறுநாள் பின்னேரம் அனுஜன் ஒரு கடித உறையோடு சமையலறைக்கு வந்தான்.

“எல்லாம் இங்கிலீசில கிடக்கு அன்ரி. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். இரண்டு தாள்கள். ஒன்று ஆட்டக்காரர் ஒப்பந்தம். லீக்குக்குக் காட்டுவதற்கு அடக்கமான ஒரு தொகை. மற்றது றமேஷின் கட்டட நிறுவனத்தின் நியமனக் கடிதம். அதில் அந்தத் தொகையைப் போல ஐந்து மடங்கு, கூடவே தங்குவதற்கு ஒரு பிளாற். கடைசிப் பந்தியில், ஓஷன் றோயல்ஸுக்கு விளையாடும் காலம்வரைதான் இந்த வேலை என்று இருந்தது. உச்ச அளவுக்கு வெளியே காசு போகும் வழி இதுதான் என்று விளங்க அவளுக்கு இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

முழுவதையும் அவனுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு வரியும் விடவில்லை.

“மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் எண்டிருக்கு. என்ன வேலை செய்வாய்?”

“பிளாற் பாக்க வாற ஆக்களுக்குக் கதவு திறந்து காட்டுறதாம்.”

“அதுக்கா இவ்வளவு? அப்ப நானும் வாறன்.”

அவன் சிரித்தான். பிறகு கேட்டான்: “கையெழுத்துப் போடவா அன்ரி?”

இது லீக் விதிக்கு மாறானது, பிடிபடும் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் சொன்னால் அது கெஞ்சலாகிவிடும், லீக் சொன்னால்தான் சட்டம் என்று பட்டது. “உன்ட விருப்பம்” என்றாள்.

சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, “ரெண்டு நாளைக்கு உங்கட பைலில வையுங்கோ. என்ர அறையில துலைஞ்சிடும்” என்று கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் யோசெப்பின் அந்தத் தாள்களோடு புதுக்கடைக்குப் போனாள். நீதிமன்றத்துக்கு எதிரே முன்பு வழக்கமாகப் போகும் போட்டோக்கொப்பிக் கடையில் “மல்லி, கொப்பி தெகக்” என்று சிங்களத்தில் இரண்டு பிரதி கேட்டாள். அங்கேயே நின்று மேல் மூலையில் இணைப்பு எண்ணை எழுதினாள். ஆட்சேபக் கடிதத்தை வீட்டில் தட்டச்சு செய்து, தன் பெயரிலேயே கையெழுத்திட்டு, கௌரவ செயலாளர் என்ற முத்திரையையும் குத்தி லீக்குக்கு அனுப்பினாள். மறைத்துச் செய்யும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. அனுஜனிடம் சொல்லவுமில்லை.

கிளறன்ஸுக்கு மட்டும் பிரதி ஒன்றைக் காட்டினாள். அவர் தன் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டுத் தராசை விட்டார்.

“ஏன் அக்கா இந்த வம்பு? பெடியன் போகட்டுமே. நாங்க குடுக்கிறது அவனுக்குச் சப்பாத்துக்கும் காணாது.”

“நாங்கதானே கேட்டு வாங்கின விதி, கிளறன்ஸ். முதல் ஆளே ஓட்டை போட்டா, நாங்க பாத்துக்கொண்டிருக்கிறதா?”

“விதிக்காகவா எழுதினீங்க, அறைக்காகவா?”

“பருப்ப நிறு. ஆக்கள் நிக்கிறாங்க.”

கடைக்குள் அப்போது வேறு யாருமில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது கோயில் மணி அடித்தது. ஒப்பந்தம் ரத்தானால் அவன் எங்கே போவான், இங்கேதானே வரவேண்டும் என்று கணக்காக நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் நடையை விரைவாக்கினாள்.

முதலாம் தேதி அனுஜன் வெள்ளவத்தைக்குப் போனான். ஒரு பயணப் பையும் ஒரு பந்தும்தான் சாமான். “ஒன்பதாம் மாடி அன்ரி. கடல் தெரியும். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்” என்றான். ஞாயிறு பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்கே வருவேன் என்றவன், சொன்னபடி வந்தான். அவள் இறால் வாங்கிச் சமைத்தாள். அவன் அந்தப் பிளாற்றைப் பற்றியே கதைத்தான். லிஃப்டில் ஏறினால் யாரும் யாரோடும் கதைப்பதில்லையாம். சோறு பார்சலில் வருமாம். ராத்திரி ரீவியைப் போட்டுவிட்டுத்தான் நித்திரையாம்.

“ஆள் பேச்சு கேக்கவேணும் அன்ரி. இல்லாட்டி கண் மூடாது.”

அவள் வீட்டு ரீவியும் அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் ஓடியது. அதை அவள் சொல்லவில்லை. ஆட்சேபத்தையும் சொல்லவில்லை. “இன்னும் ஒரு கரண்டி போடு” என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறும் வந்தான். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். கம்பனி தந்த முன்பணத்தில் தாய்க்கு வோஷிங் மெஷின் வாங்கி அனுப்பிய படத்தை அவன் காட்டினான், அவள் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு வரவில்லை. ஆட்சேபத்தின் பிரதி ஓஷன் றோயல்ஸுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இறால் கறியை இரண்டு நாள் சூடாக்கிச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லீக்கின் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓஷன் றோயல்ஸுக்கு அபராதம். சம்பந்தப்பட்ட ஆட்டக்காரருக்கு ஒரு பருவம் எந்தக் கழகத்துக்கும் விளையாடத் தடை. கடைசி வரியில் விரலை வைத்தபடி யோசெப்பின் நின்றாள். அந்த வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். விதியை எழுதும்போது தண்டனைப் பிரிவு முழுமையாக இருக்க வேண்டும் என்று, கழகத்தோடு ஆட்டக்காரரையும் சேர்த்துத் தட்டச்சு செய்தவள் அவள்தான். அப்போது ஆட்டக்காரர் என்ற அந்தச் சொல்லுக்கு முகம் இருக்கவில்லை.

அன்று மாலையே றமேஷ் தொலைபேசியில் வந்தார். கோபம் துளியும் இல்லை.

“நீங்க செய்தது சரி அன்ரி. அபராதம் மத்தியானமே கட்டியாச்சு. வாற வருசம் கம்பனியையே ஸ்பொன்சரா போட்டு, ஆட்டக்காரருக்கு அதால குடுக்கப்போறம். அதுக்கு விதியில தடை இல்லைதானே?”

“இல்ல” என்றாள் யோசெப்பின். உண்மையில் இல்லை. அவள் அதை யோசித்திருக்கவில்லை.

“உங்களைப் போல ஒராள் என்ர ஒஃபிசில இருந்தா எவ்வளவு நல்லம்.”

“பெடியன்?”

“அவர் விளையாடாட்டி வேலையும் இல்லைதானே. கடிதத்திலயே இருக்கு. நீங்க வாசிச்சிருப்பீங்க.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு அனுஜன் வந்தான். பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான், உட்காரவில்லை. முன்னறைக் கட்டிலில் அவள் புதிய விரிப்புப் போட்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான்.

“மற்ற பேப்பரெல்லாம் உங்களிட்டத்தானே இருக்கு. அடையாள அட்டைக் கொப்பி, மெடிக்கல் எல்லாம். எடுக்க வந்தனான்.”

அவள் கோப்பைக் கொண்டுவந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அது விதி, அனுஜன். உனக்கு எதிரா எழுதேல்ல. அந்தக் கழகத்துக்கு எதிராத்தான்...”

“விதி எனக்குத் தெரியாது அன்ரி. வாசிக்கத் தெரியாமத்தான் உங்களிட்டத் தந்தனான். போடவா எண்டு கேட்டனான். வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா போட்டிருக்கமாட்டன். இங்கயே இருந்திருப்பன்.”

மிருதுவாகத்தான் சொன்னான். அவள் கையிலிருந்த கோப்பை வாங்கி, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தான்.

“மேன்முறையீடு செய்யலாம்” என்றாள் அவசரமாக. “பதினாலு நாள் இருக்கு. நானே எழுதித் தாறன். ஆட்டக்காரருக்கு விசயம் தெரியாது, ஆலோசனை சொல்லவேண்டிய ஆள் சொல்லேல்ல எண்டு என்ட பேரையே போட்டு எழுதுறன். தடையை எடுப்பாங்க. அதுவரைக்கும் அறை இருக்கு. பேப்பரை மட்டும் இங்க வச்சிட்டுப் போ, என்ன?”

அனுஜன் தாள்களைத் தட்டிச் சமப்படுத்தி, கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கட்டிலைச் சுற்றி நடந்து முன்னறையைக் கடந்து, வாசலில் வைத்த பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.