அட்டைகளைக் கலந்துவிட்டேன்

செஞ்சியில் என் நைனாவுக்கு வேர்க்கடலை மண்டி; எங்கள் பேச்சில் மல்லாட்டை. பி.யூ.சி. முடித்ததும் பி.காம். படிக்கச் சொன்னார். எனக்கு வியாபாரமும் பிடிக்கும். சென்னையில் அக்கா வேலை செய்யும் அலுவலகத்துக் கம்ப்யூட்டரின் மேலும் ஆசை. பாதி நிரப்பிய கல்லூரி விண்ணப்பத்துடன் அதைப் பார்க்கப் போனேன்.

பீரோ பீரோவாக நின்ற அந்த இயந்திரத்துக்கு வேலை சொல்வது துளையிட்ட அட்டைகள்தானாம். அக்கா ஓர் அடுக்கை என்னிடம் கொடுத்து, "பத்திரமா புடிடா" என்று சொல்லி அந்தப் பக்கம் போனாள். மண்டியில் மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து, நன்றாகக் கலந்த பிறகுதான் விலை பேசுவோம். கை சும்மா இருக்குமா? அதே பழக்கத்தில் அட்டைகளையும் மேலும் கீழுமாகக் கலந்துவிட்டேன்!

"இன்னாடா பண்ணிட்ட! வரிசை மாறினா எல்லாம் போச்சு. என் வேலையே போயிடும்டா!"

நல்லவேளை, ஒவ்வோர் அட்டையிலும் வரிசை எண் துளையிட்டிருந்தது. அக்கா அவற்றை இன்னோர் இயந்திரத்தில் சில தடவை ஓட்டினாள். படபடவென்று பறந்த அட்டைகள் வரிசைக்கு வந்துவிட்டன, ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் ஊர்க் கோட்டையின் ராஜகிரி உச்சியில் முதல்முறை ஏறி நின்றபோதுகூட நான் இப்படி வியந்ததில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் போக, விண்ணப்பத்தில் பி.காமுக்குப் பதில் கணிதம் என்று எழுதினேன்.

"அப்போ மண்டி வேணாமா?" என்றார் நைனா.

வேண்டும். விடுமுறையில் வரும்போதெல்லாம், ஒவ்வொரு பிடியையும் மூட்டை எண் எழுதிய தாளில் வைத்துப் பார்த்த பிறகே கலக்கிறேன். முதலில் நைனா சிரித்தார். போன வாரம் ஒரு தாளில் சொத்தைக் கடலையைக் கண்டதும் அவரே கத்தினார்:

"டேய், இந்த மல்லாட்டை எந்த நம்பர் மூட்டைடா?"