இடது கைக்கு ஒரு மவுஸ்

அருங்காட்சியகத்தின் பின்புறம், சன்னல் இல்லாத அறையில் அவளுக்கு வேலை. பெட்டிகளில் வரும் பழங்காலக் கற்கருவிகளைச் சுழல்தட்டில் வைத்து ஸ்கேன் செய்து, அந்தப் படங்களைக் கணினியில் இணைத்து முழு உருவமாக்க வேண்டும். கல்லோடு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் மவுஸோடு.

அவள் இடதுகைக்காரி. அலுவலகம் தந்த மவுஸோ வலது கைக்கென்றே ஒரு பக்கம் புடைத்திருந்தது. அதைப் பிடித்துப் பிடித்து, சில வருடங்களில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கதவுக் குமிழைத் திருப்பினால்கூட உயிர் போனது.

"கையை மாத்திக்குங்க, இல்லன்னா வேலையை மாத்திக்குங்க" என்றார் மருத்துவர்.

கையை மாற்றிப் பார்த்தாள். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. கடையில் இடதுகை மவுஸ் ஒன்று வாங்கினாள். அது அவளுடைய சின்னக் கைக்குப் பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கைக்கோடரி வந்தது. பிடி எதுவும் போடாமல், உள்ளங்கையில் வைத்தே வெட்டவும் சுரண்டவும் செதுக்கிய கல். வலது கை வலித்ததால் இடது கையால் எடுத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் ஒரு குழியில் உட்கார்ந்தது. வலது கைக்கு மாற்றினால் முனை குத்தியது.

"சார், இதைச் செஞ்சது நம்ம கட்சி ஆளு போல" என்றாள் மேலாளரிடம்.

"ஒரு கல்லை வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. உடைஞ்சது அப்படி உடைஞ்சிருக்கும்."

"இருக்கட்டும் சார். பார்வை இல்லாதவங்க தொட்டுப் பார்க்க நகல் போடறோம்ல, அதுல எனக்கும் ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முப்பரிமாண அச்சு இயந்திரம் அதே கல்லைப் பிளாஸ்டிக்கில் தந்தது.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய மவுஸ் ஒன்றைப் பிரித்து அதன் உள்பாகங்களை நகலுக்குள் பொருத்த உட்கார்ந்தார்.

"ஊர்ல எல்லாரும் புது மாடல் கேப்பாங்க. நீ கற்காலத்துக்குப் போற."

"பேசாம ஓட்டையைப் போடுங்க."

எட்டிப் பார்த்த நாத்தனார், "அண்ணி, யார் மண்டையை உடைக்க இது?" என்றாள்.

முதல் முயற்சியில் திரையில் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல அலைந்தது. அடிப்பாகம் மேசையில் சரியாகப் படியவில்லை. அதைத் தேய்த்துச் சரிசெய்த பிறகு, பொத்தான் அமுங்கவில்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மெல்லியதாக்கினார். அப்புறம் கிளிக் சத்தம் கேட்டது.

இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. கனமான பெட்டி தூக்க இன்னும் ஆள் கூப்பிடுகிறாள். மற்றபடி வேலை நிற்கவில்லை. அறையில் மற்றவர்கள் அந்த மவுஸைத் தொட்டுவிட்டு, "கையைக் கடிக்குது" என்று திருப்பி வைத்தார்கள்.

நுழைவுச்சீட்டு கொடுப்பவர் மட்டும் விடவில்லை. அவரும் இடதுகைக்காரர், கை முறம் மாதிரி.

"எனக்கும் ஒண்ணு கிடைக்குமாம்மா? கொஞ்சம் பெருசா."

அவள் கணினியில் உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். ஒரு நிமிட வேலை. அந்தக் காலத்து ஆள் இதற்கு வேறொரு கல்லைத் தேடிப் போயிருப்பான் என்று தோன்றியது. நகலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

"கடையே போட்டுடலாம் போலிருக்கே" என்று திருப்புளியைத் தேடினார்.