காற்றுக் குறைந்த சில்லு

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டாம் வருடம் என் தங்கை ஒரு கயாக் வாங்கினாள். ஓராள் மட்டும் இருந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான பிளாஸ்டிக் தோணி அது. மஞ்சள் நிறம். புருஷன் காலமான பிறகு அங்கே ஒரு குளத்தில் பழகினாளாம். அறுபத்திரண்டு வயதில் இது என்ன விளையாட்டென்று ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தத் தைரியம் எனக்குப் பிறவியிலேயே இல்லை. வாசற் படலையில் புது ஆள் கூப்பிட்டால் நான் அடுப்படிக்கு, குசினிக்குள் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் அல்ல. அது என் சுபாவம்.

எங்கள் படலையிலிருந்து கடல்நீரேரிக்கு ஒரே ஒழுங்கைதான், ஆனால் அந்தக் குறுகிய பாதை முழுக்க மணல். தோணி அரை மூட்டை அரிசிப் பாரம் வரும். நீளமோ எங்கள் குசினியளவு. அயலில் கடற்றொழிலுக்குப் போகிற இரண்டு பேர் தூக்கிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் கடலால் வந்து படுத்தெழும்பும்வரை இவள் துடுப்பும் கையுமாக நிற்க வேண்டும்.

மூன்றாவது வாரம் தங்கை சொன்னாள்: “ஆரின்ரையும் கையைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கோ உந்தத் தோணியை வாங்கினனான்? தனியக் கொண்டுபோக ஏலாட்டி வித்துப்போடுவன்.”

அவள் சொன்னால் செய்வாள்.

தோணியை ஏற்றி இழுக்க ஒரு சின்ன வண்டில் கூடவே வந்திருந்தது. அதன் சில்லுகள் சாப்பாட்டுக் கோப்பையளவு, கடும் பிளாஸ்டிக். மணலை உழுததே தவிர உருளவில்லை. பிறகு பழைய சைக்கிள் சில்லு இரண்டைப் பூட்டிப் பார்த்தாள். அது கத்தி போல இறங்கியது. கடைசியாகக் கரவெட்டியில் ஒரு கடையில் சீமெந்துக் கலவை தள்ளுகிற வண்டிலின் சில்லு இரண்டு எடுத்து வந்தாள். குண்டான ரயர், உள்ளே ரியூப். அச்சை அவளே அளந்து, இரும்பு ஒட்டுவேலைக்காரரிடம் கொடுத்துச் செய்வித்தாள். தோணியின் சரி நடுவுக்குச் சற்றுப் பின்னால் வண்டிலை வைத்து நாடாவால் இறுக்கினால் கைக்குப் பாரம் தெரியாது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றடிக்கிற பொறுப்பைப் பக்கத்து வளவில் இருக்கிற எங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டார். வெங்காய மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிச் சந்தைக்கு மிதித்தவர் அவர். தினமும் பம்மோடு வந்து அடித்து, பெருவிரலால் ரயரை அழுத்திப் பார்ப்பார்.

“கல்லு மாதிரி நிக்குது. இனி இழு பிள்ளை.”

இழுத்தாள். பாதி ஒழுங்கையில் புதைந்தது.

“ரயரிலை ஒரு பிழையும் இல்லை. இழுக்கிற ஆளிலைதான் பிழை.”

“அப்ப நீங்கள் ஏறி இருங்கோ அண்ணை. வெயிட் கூடினால் ஓடுதோ பாப்பம்.”

சிரித்தாள்தான். ஆனால் அன்று பின்னேரம் தோணி வாங்கக் கேட்ட ஒருவருக்குத் தொலைபேசியில் கதைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை அவர் தோணியைப் பார்க்க வருவார். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வேலை சில்லுக் கழுவுவது. உப்புத் தண்ணீர் பட்ட அச்சு இரண்டு நாளில் செம்மஞ்சளாகிவிடும். கிணற்றடியில் நல்ல தண்ணீர் ஊற்றி, மணலைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து, துடைத்து, அச்சுக்குக் கிறீஸ் பூசி வைப்பேன்.

வியாழன் பின்னேரம் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். “இடப்பக்கமா இழுத்துக்கொண்டு போகுது அக்கா” என்று மணலிலேயே குந்திவிட்டாள். நான் பின்னால் தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வெள்ளி காலை படலைக்கு வெளியே கூட்டப் போனேன். மணலில் நேற்றைய இரண்டு சில்லுத் தடங்களும் கிடந்தன. இடத் தடம் பள்ளம், விரல் புதைகிற ஆழம். வலத் தடம் அகலமாக, பாய் விரித்தது போல மேலோடு போயிருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வண்டிலடிக்குப் போனேன். வலச் சில்லில் நெருஞ்சி முள் ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுப் போய், ரயர் பிள்ளையின் கன்னம் போல அமுங்கியது. காற்றுக் குறைந்த அந்தப் பக்கம்தான் புதையாமல் ஓடியிருக்கிறது.

சொன்னால் அண்ணன் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை. முள்ளைப் பிடுங்கவுமில்லை. இடச் சில்லின் மூடியைக் கழற்றி, இரண்டும் ஒரே மாதிரி அமுங்கும்வரை காற்றைத் திறந்துவிட்டேன். காற்றுச் சீறியது. அவளுடைய சில்லைக் கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

தங்கை கடைசித் தடவையாக ஒருமுறை என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்தாள். வண்டில் அசைந்தது. ஒழுங்கையின் பாதி வந்தது. அவள் நிற்கவில்லை. பம்மோடு வந்த அண்ணன் பின்னால் ஓடினார்.

“எடி பிள்ளை, நில்லு! காத்தில்லை! ஆர் காத்தைத் திறந்துவிட்டது?”

“நான்தான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்கைக்கு மட்டும் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒரே இழுவையாகத் தண்ணீர் வரைக்கும் போய்விட்டாள்.

அண்ணன் குந்தியிருந்து தடத்தைத் தொட்டுப் பார்த்தார். “இத்தனை வருசமாக் காத்தடிச்சனான். இறக்கிப் பாக்கவேணுமெண்டு ஒருநாளும் தோன்றேல்லை” என்றார். நான் பயந்த சிரிப்பு வரவேயில்லை. அவரிலும் எனக்கு அன்று ஒரு மதிப்பு வந்தது.

தங்கை தண்ணீரில் இருந்தபடி கத்தினாள்: “அக்கா! அந்த ஆள் வந்தால் நீங்களே சொல்லுங்கோ!”

வண்டிலை நான் வீட்டுக்கு இழுத்து வந்து கழுவிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குசினிப் பக்கம் காலெடுத்தேன். பிறகு ஈரக் கையோடு படலைக்குப் போனேன்.

“தோணி பாக்க வந்தனான் அம்மா.”

“ஓம். அது விக்கிறதுக்கில்லை.”

“ஒருக்காப் பாக்கவும் ஏலாதோ?”

கடல்நீரேரிப் பக்கம் கையைக் காட்டினேன். தூரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது.

“உங்கை போறா பாருங்கோ” என்றேன். “என்ரை தங்கச்சி.”