கிளாவரையின் நல்ல பெட்டி

2008 மார்ச்சில் கிளாவரைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கையில் ஒரு பரிசோதனை முடிவு இருந்தது. அதைக் கேட்டுக் காத்திருந்த, அங்கே தேனீ வளர்க்கும் சவரிமுத்து அண்ணன் வீட்டில் போன் கிடையாது. நான் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவருடைய தேனீக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்து சாவதாகக் கேள்விப்பட்டு, ஜனவரியில் போய் ஸ்பிரிட் ஊற்றிய குப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். நிரப்பி அனுப்பியிருந்தார்.

தேனீக்களின் குடலை அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, அதில் ஒரு துண்டைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கச் சென்னைக்கு அனுப்பினோம். குளிர்நாடுகளில் பம்பிள்பீ எனப்படும் குண்டுத் தேனீக்களிடம் ஒட்டுண்ணி தேடுகிற அதே வழிதான். வந்த வரிசை, தேனீக் குடலில் குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணியோடு அப்படியே பொருந்தியது. பிடித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து கிளாவரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே போகிற பேருந்தைத் தவறவிட்டதால் ஜீப்; திரும்பும்போது பெருமாள்மலையில் இறக்கிவிடுவதையும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்.

“கிளாவரையில என்ன வியூ பாயிண்ட் இருக்குன்னு போறீங்க மேடம்?” என்றார் டிரைவர்.

“தேனீ பார்க்க” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சவரிமுத்து அண்ணன் வாசலில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு காய்கறி லாரிக்குக் காத்திருந்தார். உள்ளே தேனீக்களோடு ஒரு புழு அடை, அதாவது முட்டையும் குஞ்சுப் புழுவும் இருக்கும் மெழுகுக் கூடு. பெருமாள்மலையில் அவருடைய அக்கா வைத்திருந்த தேன்பெட்டிகள் எல்லாம் காலியாகிவிட்டன. இந்த அடையை வைத்தால் தேனீக்களே புது ராணியை உண்டாக்கிக்கொள்ளும்.

“நீங்க எறங்குற வழிதானங்க, அக்காட்ட குடுத்துட்டுப் போயிருங்க” என்றார்.

“அண்ணே, நீங்க அனுப்புன பூச்சியில சீக்கு இருக்கு.”

சிரித்தார். “இருக்காதுங்க. அது நல்ல பெட்டி.”

“ஊர்ந்து செத்ததுல எடுக்கலையா?”

“கேட்டு வந்தவுகளுக்குச் சீக்குப் பூச்சியவா குடுப்பாக? இருக்கதுலயே கொழுத்த பெட்டியில எடுத்தேன்.”

நலிந்த பெட்டிகளுக்கெல்லாம் அவர் அந்தக் கொழுத்த பெட்டியிலிருந்துதான் அடை எடுத்து வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். இங்கே தேனீ வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். அவருக்கும் புரிந்துவிட்டது.

“அப்ப மத்ததுக்கெல்லாம் நானேதான் சீக்கக் கொண்டுபோயி வச்சேனா?”

இல்லை என்று ஒரு பொய் சொல்ல மனம் துடித்தது. எழுத்து வரிசை யார் குடியிருக்கிறார் என்று சொல்லும். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போனார் என்று சொல்லாது. “தெரியலண்ணே. ஒரு பெட்டியத்தான் பார்த்திருக்கோம்” என்றேன்.

அவர் அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். அடையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு என்னிடம் வேறு குப்பிகள் வாங்கி, நலிந்த பெட்டிகளில் தேனீக்களைப் பிடித்துப் போட்டார். “இதையும் பாருங்க” என்றார். எதிரே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பிவிட்டேன்.

பெருமாள்மலையில் டீக்கடைக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா அருளாயி, கழுவிக் காயவைத்த வெறும் பெட்டியோடு லாரிக்காக நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

“அடை வரலைன்னா போகுதுங்க. தம்பி சாப்பிட்டானா?”

எனக்குத் தெரியவில்லை. அவர் வெறும் பெட்டியை டீக்கடையில் போட்டுவிட்டு, தம்பியைப் பார்க்கக் கொடைக்கானல் பக்கம் போகிற பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

மாதிரி எடுக்கப் போகிறவர்கள் பெட்டிக்கு ஒரு குப்பி கொண்டுபோங்கள். நலிந்ததையும் கேட்டு வாங்குங்கள். மார்ச்சிலும் ஸ்வெட்டர் வேண்டும். கிளாவரையில் விடுதி கிடையாது, கேட்டால் வீட்டில் படுக்க இடம் கொடுப்பார்கள். கெட்ட சேதியோடு போகிறீர்கள் என்றால், ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்று அங்கேயே இருந்துவிடுங்கள்.