இருபது அடி நிபந்தனையும் அஞ்சலையின் சந்தும்

புதிய கட்டட விதிகள் எங்கள் கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு வந்த அன்று காலை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "பழைய பிளானையெல்லாம் கட்டி ரெக்கார்டு ரூம்ல போட்டுடுங்க மேடம். இனிமே புதுசுதான்."

நான் நகரமைப்புப் பிரிவில் வரைவாளர். பழைய பிளான் என்பது, ஊரில் எது குடியிருப்பு, எது விவசாயம் என்று பல வருஷத்துக்கு முன்னால் வண்ணம் போட்டுப் பிரித்த வரைபடமும், அதோடு சேர்ந்த நிபந்தனைப் புத்தகமும்.

கட்டி வைப்பதற்கு முன் புது விதிகளை முழுசாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாதை அகலம் பற்றிய பக்கம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சின்ன வீட்டுக்குப் பத்தடிப் பாதை போதும் என்று இருந்தது. எனக்கு உடனே அஞ்சலை ஞாபகம் வந்தது.

அஞ்சலை கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. ஒரு சந்துக்குள் இரண்டு சென்ட் மனை, விரிசல் விட்ட மண்சுவர். வீடு கட்ட இரண்டு முறை அனுமதி கேட்டார், இரண்டு முறையும் மனு திரும்பி வந்துவிட்டது. பழைய பிளான் இருபது அடிப் பாதை கேட்டது. கடைசியாக வந்தபோது, "மலைப் பக்கம் மேகம் கருத்தாலே சுவத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்கேங்க. சந்தை நான் இன்னா பண்ணி அகலமாக்கறது?" என்று கேட்டார்.

மேலே படித்தேன். இன்னொரு பிரிவு இருந்தது. பழைய திட்டங்கள் தொடரும். புது விதிக்கு முரணான அளவுக்கு மட்டும் செல்லாது.

அதற்குள் அதிகாரியின் அறைக்கு ஒரு மனை வியாபாரி வந்துவிட்டார். ஏரி வாய்க்காலை ஒட்டிய வயலில் பிளாட் போட வேண்டுமாம். "பழசுதான் போயிடுச்சே சார். விவசாய நிலம்னு இன்னும் இன்னாத்துக்கு இழுக்கறீங்க?"

நான் உள்ளே போய் அந்தப் பிரிவைக் காட்டினேன். "எந்த நிலம் எதுக்குன்னு பிரிச்சது பிளான் சார். அதைப் பத்தி புது விதி ஒண்ணும் சொல்லல. அது அப்படியேதான் இருக்கு." வியாபாரி முகம் சுருங்கி எழுந்து போனார்.

அதே சூட்டோடு அஞ்சலையின் ஃபைலை நீட்டினேன். அதிகாரி சிரித்தார். "இப்பதானே பழைய பிளான் தொடரும்னு சொன்னீங்க? அப்போ இருபது அடியும் தொடரணும் இல்ல? பத்தடிங்கறது குறைஞ்ச அளவுதானே, பிளான் அதுக்கு மேல கேட்டா முரண் ஆகாது."

நான் சொன்னதே என்னை மடக்கிவிட்டது.

ரெக்கார்டு ரூமில் நிபந்தனைப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்தேன். மதியச் சாப்பாடே மறந்துபோனது. மூன்று மணிக்குக் கண்ணில் பட்டது. 'இருபது அடி' என்பதற்குக் கீழே, சிறிய எழுத்தில், 'நடப்பில் உள்ள கட்டட விதிகளின்படி' என்று. அந்த அளவு பிளானின் சொந்த முடிவு அல்ல. அன்றைய கட்டட விதியிலிருந்து எடுத்து எழுதியது. அந்த விதிதான் இப்போது மாறிவிட்டதே.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "அப்போ இன்னைக்கு நடப்பு பத்தடி. நீங்களே போய் சந்தை அளந்துட்டு வாங்க. ஒரு அங்குலம் குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுநாள் டேப்போடு போனேன். ஒரு முனையை அஞ்சலை பிடித்தார். சந்து முழுக்கப் பத்தடிக்கு மேலேயே வந்தது. நடுவில் மட்டும் ஒரு வீட்டுப் படி துருத்திக்கொண்டிருந்தது. அங்கே ஒன்பதரை. அஞ்சலை டேப்பை விடவே இல்லை.

அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். "இந்தப் படியாலயா அது வூடு கட்டாம நிக்குது?" என்றவர் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். அரைமணி நேரத்தில் படி போனது. மறுபடி அளந்தோம். பத்தடி ஒரு அங்குலம்.

அந்த வாரமே அனுமதி கிடைத்தது. அனுமதி முத்திரை வைத்த வீட்டு வரைபடத்தைக் கையில் வாங்கிய அஞ்சலை, "வாசப்படி எந்தப் பக்கங்க?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைத் தொட்டபடியே வெளியே போனார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சட்டம் மாறும்போது பழைய திட்டம் முழுசாகப் போய்விடுவதும் இல்லை, முழுசாக நிற்பதும் இல்லை. ஒவ்வொரு நிபந்தனையும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரே பிரிவுதான் ஒரு வாய்க்கால் ஓர வயலையும் காப்பாற்றியது, ஒரு வீட்டையும் எழுப்பியது.