முன்தோள் மாதையன்

என் வீட்டுக்காரரின் அண்ணன் மாதையனுக்கு இருபத்திரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். எல்லாம் கொல்லிமலைப் பாதையில் கற்றுக்கொண்டவை. அவற்றில் எதையும் காதில் வாங்க எனக்கு இன்றுவரை பிடிக்காது.

சேந்தமங்கலத்தில் அவர் டோலி தூக்குகிறவர். இரண்டு மூங்கில்களில் ஒரு நாற்காலியைக் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர் தோள்கொடுத்து, நடக்க முடியாதவர்களையும் நடக்க மனமில்லாதவர்களையும் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே கொண்டுபோவார்கள். மாதையனும் பொன்னனும் முன்தோள். என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் பின்தோள். பின்னால் வருகிறவனுக்கு நாற்காலியின் முதுகுதான் தெரியும், தரை தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் எல்லாவற்றையும் கூவிச் சொல்ல வேண்டும். "எடது கல்லு!" என்றால் பின்னாலிருந்து "ஆச்சு!" என்று வரும். "பள்ளம்!" "ஆச்சு!" பதில் வராமல் முன்தோள்காரர் அடுத்த அடி வைக்கக் கூடாது. டோலிக்காரர்களுக்கு அது சட்டம். மாதையனுக்குக் கணீரென்ற குரல். பதினைந்து வருடம் அந்தக் குரலை நம்பித்தான் என் வீட்டுக்காரரின் கால்கள் மலை ஏறின.

முப்பத்திரண்டாம் வருடம், பொங்கல் கழிந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கரடி சுட வேண்டும், அருவி பார்க்க வேண்டும் என்று வந்தவர். மடியில் ஒரு நாய். அதையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள். பாதி மலையில் துரைக்குப் பொழுது போகவில்லை. இவர்கள் கூவுவதைக் கவனித்துவிட்டு, ஒரு கல்லைக் காட்டி "ஸ்டோன்" என்றார். மாதையன் திருப்பிச் சொன்னார். துரை சிரித்தார். ஒரு பிஸ்கட்டைப் பாதி நாய்க்குக் கடிக்கக் கொடுத்துவிட்டு மீதியை முன்னால் நீட்டினார். மாதையன் கையைப் பின்னால் விட்டு வாங்கிக்கொண்டார்.

அதை வேட்டியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தார். வேர்வையில் ஊறி, நாய் மயிர் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்றன. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் அண்ணன் எதிரில் நான் பேசியதில்லை. அது எங்கள் வழக்கம். எனக்கும் அது சௌகரியம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள், வாயைத் திறப்பதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம்.

ஐம்பது வார்த்தை கற்றுக்கொண்டால் மலை பங்களாவுக்கு மேஸ்திரி ஆக்குகிறேன் என்று துரை சொன்னாராம். அன்றிலிருந்து மாதையன் இங்கிலீஷிலேயே கூவ ஆரம்பித்தார். ஆசைப்பட்டதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தோள் எலுமிச்சம்பழம் போலக் காய்த்து, வெயில் காலத்தில் வெடித்துச் சீழ் வடியும். அந்தத் தோளை இறக்கி வைக்க யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்த முதல் பயணத்திலேயே என் வீட்டுக்காரரின் பெருவிரல் நகம் பிய்ந்தது.

"வார்த்தை தெரியுது புள்ள," என்றார் அவர், நான் மஞ்சள் வைத்துக் கட்டும்போது. "ஸ்டோன்னா கல்லு, ஹோல்னா பள்ளம். ஆனா அது மண்டைக்குப் போயிக் காலுக்கு வாரதுக்குள்ள காலு ஊணிப் போயிருது."

"உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னேன். 'உனக்கும் நாலு வார்த்தை வரட்டும்டா'ங்கறாரு."

இன்னொரு வருடம் இப்படிப் போனால் நகத்தோடு நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வருடம் மாசியில் துரை மறுபடி வந்தார். அவருடைய கக்கூஸ் பெட்டியைச் சுமக்கிற ஆள் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அடிவாரத்திலேயே நின்றுவிட்டான். "எங்க ஊட்டுப் பொம்பளை தூக்குவா" என்று மாதையன் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. மரப்பெட்டி, உள்ளே பீங்கான் சட்டி. எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. ஒவ்வோர் அடிக்கும் தலைமேல் சட்டி கடகடவென்றது. மூக்கை மூடவும் முடியாது, இரண்டு கையும் பெட்டியில்.

"அத்தாயி, சிம்மாசனம் பத்திரம்!" என்று எனக்குப் பின்னால் டோலி தூக்கி வந்த பொன்னன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். என்னவென்று புரிந்து சிரித்தாரோ, நாய்தான் அறியும்.

அன்று காலை பனிமூட்டம். ஊற்றுத்தண்ணீர் கசிகிற ஒரு பாறைச்சரிவு வந்தது. பச்சைப் பாசி. நான் முன்னால் போனவள், கால்விரல்களை ஊன்றிக் கடந்து அந்தப்புறம் நின்று திரும்பிப் பார்த்தேன். பாசியைப் பார்த்துவிட்டு மாதையன், காலையில் கற்றுக்கொண்ட, பின்தோள்காரர்கள் கேட்டிராத புது வார்த்தையைக் கூவினார்.

"ஸ்லிப்பரி!"

பின்னாலிருந்து பதில் வரவில்லை. துரை கை தட்டினார். மாதையன் அடி வைத்தார்.

என் வீட்டுக்காரரின் இடது கால் சறுக்கி, முழங்கால் பாறையில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நாற்காலி சரிந்து துரை பாசிமேல் உட்கார்ந்தார். நாய் ஊளையிட்டது. மாதையன் ஓடிப்போய் துரையைத் தூக்கி, தன் துண்டால் அவர் பூட்சைத் துடைத்தார். "சாரி சார், சாரி சார்." அதையும் எங்கோ கற்றுவைத்திருந்தார். துரை நாயின் நாலு காலையும் தடவித் தடவிப் பார்த்தார். பாறையில் கிடந்தவரை ஒருவரும் பார்க்கவில்லை.

துரையின் துப்பாக்கியைச் சுமந்து வந்த ஆளைப் பின்தோளுக்கு மாற்றினார்கள். "டேய் ஆண்டி, இங்கியே குந்திரு. நாங்க எறங்கறப்பக் கூட்டிக்கறோம்" என்றார் மாதையன் தம்பியிடம். இறங்க நாலு நாள் ஆகும். என் வீட்டுக்காரரின் முழங்கால் அதற்குள் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. ரத்தத்துக்கு அட்டைகள் வந்து ஏறிக்கொண்டிருந்தன.

பிறகு பொன்னனிடம் சொன்னார்: "பெட்டியத் தூக்கச் சொல்லு. சாயங்காலம் துரைக்கு வேணும்."

நான் பெட்டியை நடுப்பாதையில் இறக்கினேன்.

"பதில் வராம ஏனுங்க அடி வெச்சீங்க?"

நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் என்னைப் பார்க்காமல் துரையைப் பார்த்தார், துரை இதற்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பார் என்பது போல.

அட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு என் வீட்டுக்காரரை எழுப்பினேன். நான் முன்னால், அவர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு பின்னால். அவருக்குப் பாதை தெரியவில்லை. நான் கூவினேன். "எடது கல்லு!" "ஆச்சு." "வேரு!" "ஆச்சு." "பள்ளம், மெதுவா!" பதில் வரும்வரை நின்று நின்று இறங்கினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. மேலே டோலிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

மாதையன் ஐந்தாம் நாள் வந்தார். கையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம். கட்டிலருகே நின்று, "சாரிடா ஆண்டி" என்றார்.

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த வார்த்தைக்கு நான் எந்தக் கால வெக்கோணும், அண்ணா?"

மாதையன் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைச் சாணிக்குழியில் போட்டுக் குச்சியால் அமுக்கினேன்.

துரை மூன்றாம் வருடம் வரவில்லை. முழங்கால் மடங்கவில்லை, என் வீட்டுக்காரர் அதற்குப்பிறகு மலை ஏறவில்லை. மாதையன் இன்னும் முன்தோள்தான். தமிழில்தான் கூவுகிறாராம், பதில் வரும்வரை நிற்கிறாராம். ஆனால் விருந்தாளி வந்தால், யாராவது கேட்டால், இருபத்திரண்டு வார்த்தைகளையும் வரிசையாகச் சொல்லிக் காட்டுவார். ஸ்டோனில் ஆரம்பித்து சாரியில் முடிப்பார். பாதி தாண்டுமுன் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.