பெரிய வீடு எது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவோம். அருவிக்கு வருகிறவர்களுக்கு முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் ஒடுங்கிக்கொள்வோம். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பா அந்த வாடகையைத்தான் மலைபோல நம்பியிருந்தார். அடுத்த வீடு பெரியப்பாவுடையது. அடுத்த வீடு என்பதுகூடத் தப்பு. தாத்தா கட்டிய ஒரே வீடுதான். பாகம் பிரித்தபோது வந்த சண்டையில் நடுக்கதவில் ஆணி அடித்து, அவரவர் பக்கம் ஒரு பீரோவையும் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

"ஏட்டி, கேரளாக்காரங்கல்லாம் வருதாங்க. இங்கிலீஷ்ல ஒரு போர்டு எழுது" என்றார் அப்பா.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 'பிக் ஹவுஸ்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். மறுநாள் பெரியப்பா வாசலில் 'பிக்கர் ஹவுஸ்' தொங்கியது. என் வகுப்பிலேயே படிக்கும் பெரியப்பா மகளின் கையெழுத்து. விடுவேனா? 'பிக்கெஸ்ட்' ஆக்கினேன். அவள் 'வெரி பிக்கெஸ்ட்' என்றாள். அப்படி எழுதக் கூடாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மானம் போகிற இடத்தில் இலக்கணமா முக்கியம்? நான் இரண்டு 'வெரி' போட்டேன்.

சனிக்கிழமை கொல்லத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. தடியூன்றிய கிழவர் முதல் கைக்குழந்தை வரை இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கூட்டி வந்தவர் இரண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த வீடு பெருசு?" என்று கேட்டார். பெரியப்பாவும் அவர் வாசலில்தான் நின்றிருந்தார். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நம்ம வீடுதான் என்று சொல்லுங்கப்பா.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எங்க அப்பா கெட்டுன ஒரே வீடு. நடுக்கதவத் தொறந்தா எல்லாருக்கும் எடம் காணும்" என்றார் அப்பா.

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா உள்ளே போய்ப் பீரோவைத் தள்ளினார். சுவருக்கு அந்தப் பக்கமும் பீரோ நகரும் சத்தம் கேட்டது. ஆணியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தால் எதிரே பெரியப்பா. அவர் முதுகுக்குப் பின்னால் அவர் மகள். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இனிமேல்தான் இருக்கிறது நிஜமான சண்டை.

"ஏலே, சாப்ட்டியா?" என்றார் பெரியப்பா.

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் கழித்துப் பேசுகிறவர் கேட்பது இதைத்தானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.